இன்ஜின் ஆறட்டும்

கீரனூர்க் கடைத்தெருவைத் தாண்டி மேடு ஏறும்போது எழிலரசன் கியரைக் குறைத்தான். இன்ஜினின் குரல் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு கனத்து எழுந்தது. திணறாமல் இழுக்கிறது என்று அமுதவல்லி நினைத்தாள். நினைத்த பிறகுதான் தன் மடியில் இருப்பது என்ன என்பது அவளுக்கு மறுபடி உறைத்தது.

நிலவழகனின் தலை. வேனின் பின்பகுதியில் தார்ப்பாயை மடித்துப் போட்டு, அதன்மேல் அவனைக் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தாள்.

காலையில் இந்த வண்டியைப் பார்க்கத்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக விராலிமலைக்குப் பஸ் ஏறினார்கள். இப்போது இதே வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவள் வரிசையாக யோசித்துப் பார்த்தாள். எங்கேயோ ஓரிடத்தில் பிடி விட்டுப்போனது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

நிலவழகன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். குன்றாண்டார்கோவிலில் பந்தலும் சேரும் வாடகைக்கு விட்டான். ஷாமியானா, இரும்புக் குழாய், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டீசல் ஜெனரேட்டர். எல்லாம் இருந்தது, வண்டி மட்டும் இல்லை. விசேஷத்துக்கு விசேஷம் யாராவது ஒருவனின் வேனை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். போன வைகாசியில் அப்படிப் பிடித்த ஒரு வேன், கிள்ளுக்கோட்டை ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை தாலி கட்டிய பிறகுதான் நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் நிலவழகனைத் தூங்கவிடாமல் செய்தது.

அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி போனாலும் அவன் காது அதன் பின்னாலேயே போகும். சாப்பிட்டுக்கொண்டிருப்பான், சோற்றுக் கை அப்படியே நிற்கும். "கேட்டியா அமுதா? அதுல நாசில் போயிருச்சு. இனிமே டீசலக் குடிச்சிக்கிட்டே கெடக்கும்" என்பான்.

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது. கொழம்பு ஊத்தவா வேணாமா?"

"நல்லாக் கேளு. எல்லாம் ஒண்ணு கெடையாது."

அவள் காது கொடுத்ததாக ஞாபகமில்லை. ஆனால் பேச்சு எப்படியோ உள்ளே போய்த் தங்கியிருந்தது. புதுசா பழசா என்பதில் மாதக்கணக்கில் அவன் மனசு ஊசலாடிற்று. புதுசில் மைலேஜ் வரும், புகை வராது, ஆனால் ஒரு சென்சார் போனாலும் நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும், லேப்டாப்போடு ஆள் வந்தால்தான் எழுந்திருக்கும். பழசில் கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப்பும் நாசிலும்தான். கிராமத்து மெக்கானிக் ஸ்பேனரை வைத்தே ஓட வைத்துவிடுவான். ஆனால் உள்ளே தேய்ந்திருந்தால் தேய்ந்ததுதான், வெளியே பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். காலையில் பஸ்ஸிலும் இதையேதான் பேசிக்கொண்டு வந்தான்.

பழைய வண்டிகள் வாங்கி விற்கும் எழிலரசனின் இடம் விராலிமலையில் பைபாஸை ஒட்டி, ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டகையுமாக இருந்தது. நீல வேன் ஒன்று, புது மாடல். வெள்ளை வேன் ஒன்று, பழைய மாடல். நிலவழகன் நீலத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நகர்ந்தான். வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினான். அதன் அடியில்தான் இன்ஜின். உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"ஏன் தம்பி, சூடு பண்ணி வெச்சிருக்கீங்க?"

எழிலரசன் சிரித்துவிட்டான். "வாட்டர் வாஷுக்குக் கொண்டு போனேண்ணே. வேற ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும். இன்ஜின் ஆறட்டும். சூட்டுல எந்த இன்ஜினும் நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும். ஆறிக் கெடக்கையில ஒரே செல்ஃப்ல புடிக்குதா, என்ன பொகை விடுதுன்னு பாக்கணும். நீலமா வந்தா உள்ள ஆயில் எரியுதுன்னு அர்த்தம்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். எழிலரசன் டீ வாங்கிவரச் சொன்னான். நிலவழகன் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். சட்டை முதுகு நனைந்திருந்தது. இடது தோளைப் பிசைந்துவிட்டுக்கொண்டான்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"வெயிலு."

நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவனே எழுந்துபோய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தான். முழுதாக ஆறியிருக்கவில்லை. ஆனாலும், "சரி, போடுங்க பாப்போம்" என்றான். எழிலரசன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. ஆயில் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, அந்த வாய்க்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தான் நிலவழகன். காற்று அடித்தால் உள்ளே தேய்மானம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். கையை அப்படியே வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டது ஒரு 'வேண' மட்டும்தான். அது 'வேணாம்' என்பதா, 'வேணும்' என்பதா, தெரியவில்லை.

பிறகு வண்டியின் பக்கவாட்டைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து தரையில் உட்கார்ந்தான். அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நிற்பு எவ்வளவு நேரம் என்பதுதான் அவளுக்கு இப்போது பிடிபடவில்லை. எழிலரசன் இன்ஜினை அணைத்து, "அண்ணே, அண்ணே" என்று கத்திய பிறகுதான் அவள் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. வெயிலுன்னாரு."

"எப்பலேர்ந்து வேர்த்துச்சு?"

அமுதவல்லிக்கு டீ டம்ளர்தான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்குள் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வரும்போதே உயிர் இல்லை என்றாள். அமரர் ஊர்தி வேறெங்கோ போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். வாசலில் நின்ற எழிலரசன்தான், "நான் கொண்டுவந்து விடுறேங்க்கா. வண்டி இருக்கு" என்றான்.

கீரனூர் தாண்டி ஒரு பூக்கடையின் ஓரமாக வேன் நின்றது. கேபினுக்கும் பின்பகுதிக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக எழிலரசன் திரும்பிப் பார்த்தான். "ஒரு மாலை வாங்கிட்டு வந்துர்றேங்க்கா." சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக் கை நீண்டது.

"நிறுத்தாதீங்க!" என்று அமுதவல்லி கத்தினாள்.

எழிலரசனின் கை அப்படியே நின்றது.

"இன்ஜின நிறுத்தாதீங்க தம்பி. ஓடட்டும்."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நின்றால் திரும்பக் கிளம்பாது, இவனை நடுரோட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஊரில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று ஒரு பயம். எழிலரசன் இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கிப்போனான். நின்ற வண்டியின் தட்டு அவள் தொடைக்கடியில் அதிர்ந்தது. அந்த அதிர்வில் நிலவழகனின் உதடுகளும் லேசாக நடுங்கின. அவள் குனிந்து, காதை அவன் வாயருகே வைத்தாள்.

வீட்டு வாசலில் அதற்குள் ஷாமியானா போட்டிருந்தார்கள். நிலவழகனின் அண்ணன் மலையாண்டி குடோனைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவந்துவிட்டார். நாற்காலிகளின் முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் நிலவழகனின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. ஊர்க்காரர்கள் அவன் பெயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வேன் வந்து நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். அமுதவல்லி இறங்கும்போது கால் மரத்துப்போய்த் தடுமாறினாள். பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாருடைய வீட்டுக்கோ சேர் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி, 'ஜெனரேட்டர் எங்கே?' என்று கண் தேடியது.

எழிலரசன் கிளம்பும்போது மலையாண்டியிடம் சாவியைக் கொடுத்தான். "வண்டி இங்கயே நிக்கட்டும்ணே. ஐஸ் பெட்டி, வெறகு, எதுக்காச்சும் ஆகும். நான் நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்." மலையாண்டி சாவியையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சிவரஞ்சனி விடிகிற நேரத்தில் வந்துசேர்ந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து கதறினாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்பிடிம்மா? நேத்து காலையிலகூட எங்கிட்டப் பேசுனாரே. 'வண்டி பாக்கப் போறோம்'னாரே."

"உக்காந்தாரு" என்றாள் அமுதவல்லி. "ஆயில் ஒழுகுதான்னு பாக்கத்தான் உக்காந்தாருன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வருகிறவர்களெல்லாம் இதையேதான் கேட்டார்கள், அவளும் இதையேதான் சொன்னாள். பக்கத்து வீட்டு இருளாயி, "நல்லா அழுதுரு அமுதா. உள்ள வெச்சுக்காத" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே இருந்தது அழுகைதானா என்றே அமுதவல்லிக்கு விளங்கவில்லை. 'வேணாம்' என்றால், இந்த வண்டி ஆகாது, கையில் காற்று அடிக்கிறது. 'வேணும்' என்றால் இதையே எடுத்துக்கொள். இல்லாவிட்டால், வேண்டாம் அமுதா, பயப்படாதே என்று சொன்னானோ? ஆஸ்பத்திரி வேண்டாம் என்றோ? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டது.

வெயில் ஏறியது. தாரை தப்பட்டை வந்தது. நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டினார்கள். பாடை கட்டி முடித்தார்கள். அப்போதுதான் வாசலில் நின்ற வேன் வழியை அடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"தப்பட்டைய கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு மலையாண்டி வேனில் ஏறினார்.

உள்ளே பெண்கள் நிலவழகனைச் சுற்றிக் கை கோத்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அமுதவல்லி. வெளியே செல்ஃப் ஒருமுறை இழுத்தது. பிடிக்கவில்லை. அவள் தலை நிமிர்ந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இன்ஜின், நன்றாக ஆறியிருக்கும். மறுபடி செல்ஃப் இழுத்தது. கடகடவென்று இரண்டு முறை தடுமாறி, பிடித்துக்கொண்டது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"பொகை என்ன கலரு?" என்று அமுதவல்லி கேட்டாள்.

ஒப்பாரி ஒரு ஓரத்தில் நின்றது. இருளாயிக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னத்தா?"

"வெளிய பொகை வருதுல்ல. என்ன கலருன்னு பாருங்க. சீக்கிரம் பாருங்க, போயிரும்."

இப்போது எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "ஐயோ, புத்தி பேதலிச்சுப் போச்சே" என்று பின்னால் யாரோ வாய்விட்டுச் சொன்னாள். அமுதவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள், நாலைந்து கைகள் சேர்ந்து அமுக்கின. "நீல பொகையா? கருப்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சிவரஞ்சனி எழுந்து வெளியே போனாள்.

தலை விரிந்து கிடக்க, அழுது வீங்கிய முகத்தோடு, தப்பட்டைக்காரர்களுக்கு நடுவே புகுந்து வேனின் பின்பக்கம் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். மலையாண்டி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, வண்டியை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தார். அவர் இன்ஜினை ஒருமுறை மெல்ல முடுக்கிய சத்தம் உள்ளே கேட்டது.

சிவரஞ்சனி திரும்பி வந்து அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். "வெள்ளைம்மா. கொஞ்ச நேரந்தான் வந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல."

"நீலம் இல்லையே?"

"இல்லம்மா. பெரியப்பா முடுக்கிக்கூடப் பாத்தாரு. சுத்தமா இருக்கு."

அமுதவல்லி தலையை ஆட்டினாள். காலை மடக்கி உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, விபூதி பூசிக் கிடத்தியிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் பெருஞ்சத்தமாக வெளியே வந்தது. இருளாயி பதறிப்போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. பந்தலில் கூட்டம் கலைந்துவிட்டது. எழிலரசன் பஸ்ஸில் வந்து இறங்கி, பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். மலையாண்டி ஈரத் தலையோடு அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, பெரிய உபகாரம் பண்ணுனீங்க. வண்டிய எடுத்துக்குங்க. அதுல எங்களுக்கு இனிமே ஆக வேண்டியது ஒண்ணுமில்ல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அத வாசல்ல வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க எங்களால ஆகல."

"புரியுதுண்ணே."

கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த அமுதவல்லி எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருளாயி "வெளிய போகாத" என்றாள். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

எழிலரசன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"நேத்து அவரு கடைசியா ஏதோ சொன்னாருல்ல. வேணாம்னாரா, வேணும்னாரா?"

எழிலரசன் மலையாண்டியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். விற்கிறவன் வாயில் எந்த வார்த்தை வரும் என்று மலையாண்டிக்குத் தெரிந்திருந்தது போல. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குக் கேக்கலக்கா" என்றான் எழிலரசன். "ஆக்சிலரேட்டர மிதிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். சத்தியமா கேக்கல."

"ஏதாச்சும்..."

"கைய மட்டும் பாத்தேன். ஒரு கை ஆயில் வாய் மேல இருந்துச்சு. இன்னொரு கைய இப்பிடி, வாய்க்கிட்டக் கொண்டு போனாரு." செய்து காட்டினான். கட்டை விரல் உதட்டை நோக்கி லேசாக வளைந்தது. "தண்ணி வேணும்னு கேட்டாரோ என்னமோக்கா."

அமுதவல்லி அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரவும் பகலும் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்த அந்த ஒரு வார்த்தைக்குள் தண்ணீர் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் தோள்பையில் பாட்டில் இருந்தது. நிரம்ப இருந்தது. இப்போதும் உள்ளே ஆணியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருக்கும்.

பந்தல் துணி காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

எழிலரசன் மலையாண்டியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். "வாரேங்க்கா" என்று சொல்லப் போனவன், துக்க வீடு என்று நினைவு வந்து, தலையை மட்டும் அசைத்தான்.

"தம்பி" என்றாள் அமுதவல்லி. "பதினாறு முடியிற வரைக்கும் அந்த வண்டிய யாருக்கும் காட்டாதீங்க."

மலையாண்டி திரும்பினார். "என்னத்தா இது? யாரு ஓட்டுறது அத?"

"தெரியல மாமா."

"சேரு தூக்க, பந்தல் கட்ட, ஆளுக கிட்ட வேல வாங்க... அவன் இல்லாம எப்பிடி நடத்துவ?"

"அதுவும் தெரியல."

"அப்புறம் எதுக்கு?"

அவள் யோசித்துக்கொண்டிருப்பதைப் போல நின்றாள். உண்மையில் அவளுக்குள் ஒரு யோசனையும் ஓடவில்லை. சிவரஞ்சனி வந்து அம்மாவை ஒட்டி நின்றாள். மலையாண்டி இருவரையும் பார்த்தார். துண்டை எடுத்து ஈரத் தலையை நெடுநேரம் துவட்டினார்.

"சரி தம்பி" என்றார் கடைசியில். "அது சொல்றபடி செய்யுங்க. பெறகு பாத்துக்கலாம்."

எழிலரசன் வேனைத் திருப்பிக்கொண்டு கிளம்பினான். தெருமுனைவரை போனான். மேய்ச்சல் முடிந்து திரும்பிய ஆட்டு மந்தை ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. வேன் நின்றது. அவன் ஹாரன் அடிக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடுடி" என்றாள் அமுதவல்லி. நேற்றிலிருந்து யார் கொடுத்தும் அவள் வாங்கிக் குடித்திருக்கவில்லை.

சிவரஞ்சனி உள்ளே ஓடி ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். அமுதவல்லி வாங்கி வாய்க்கருகே கொண்டுபோனாள். விளிம்பு உதட்டில் பட்டதும் கை நின்றது.

தெருமுனையில் ஆடுகள் வேனின் இரண்டு பக்கமும் பிரிந்து, உரசிக்கொண்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.